ரோஸ்லின் டீச்சர் போட்ட நீல நிழல்

பெரிய மார்க்கெட்டில் மத்திக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சேதி வந்தது. மீன்காரி செல்வி தராசுத் தட்டில் மீனை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆயா, உங்க படக்கார டீச்சரு போய்ட்டாங்களாமே. காலையில கோயில்ல துக்க மணி அடிச்சாங்க, காதுல வுழல?"

மணிச் சத்தம் காதில் விழுந்தது. யாரோ என்று நினைத்திருந்தேன்.

"எந்த டீச்சரு?" என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

"அதான், பீச்சுல உக்காந்து படம் போடுவாங்களே. நீங்ககூட அவங்களோட பேச்சு வார்த்த இல்லாம இருந்தீங்களே."

எங்கள் சண்டை மார்க்கெட்டு வரைக்கும் தெரிந்திருக்கிறது. மீனை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். கழுவி, குழம்பு கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் ரோஸ்லின் டீச்சர் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமலே போய்விட்டார்.

கூடத்தில் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவருடைய தங்கை பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா உங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பா" என்றார்.

"என்னா பேசுவாங்க?"

"கோவக்காரின்னு."

பெட்டிக்குள் பார்த்தேன். வலது கை விரல் நகத்தோரம் படம் போடும் அந்தக் கருநீலக் கலர் இன்னும் இருந்தது. குளிப்பாட்டியவர்களாலும் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு அவர் நினைவாகச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் என்று பிலோமினாதான் கேட்டார். நான் ஆறாவது பாதியில் நின்றவள். அந்த வயதிலேயே கனகசெட்டிக்குளத்தில் மீன் காயப்போடப் போனவள். கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்த பிறகு தட்டாஞ்சாவடியில் சோப்புக் கம்பெனியில் பெட்டி ஒட்டினவள். எழுதத் தெரியாது என்றேன். "உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றார். அது உண்மை. சரி, எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வார்த்தைகூட உங்கள் பங்குக்குச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திக்குப்பம் பக்கம் கட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து படம் போடும் உங்கள் எல்லோருக்கும் டீச்சரைத் தெரியும். ஆனால் நான் வந்து சேர்ந்த கதை பலருக்குத் தெரியாது. முழங்கால் வலிக்கு நட என்று டாக்டர் சொன்னதால் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கொஞ்சம் மூச்சு வாங்க நின்றேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கரையில் கிடந்த படகை வரைந்துகொண்டிருந்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "படகு இவ்ளோ ஒல்லியா இருக்காதே" என்றேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. பென்சிலையும் புத்தகத்தையும் என் கையில் கொடுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பி, "அப்ப நீங்க போடுங்கக்கா" என்றார்.

பிறந்ததிலிருந்து பார்த்த படகு. கண்ணை மூடினாலும் தெரியும். போட்டேன். அறுந்துபோன செருப்பு மாதிரி வந்தது.

டீச்சர் சிரித்தார், நானும் சிரித்தேன். "மனசுல இருக்கற படகப் போட்டுட்டீங்க. அது வேணாம். கண்ணு முன்னாடி கெடக்கே, அதப் போடுங்க" என்றார். மறுநாள் எனக்கென்று ஒரு புத்தகம் வாங்கி வந்தேன்.

அவர் வைத்த சட்டங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். நாள் தவறாமல் ஒரு பக்கம். பிடிக்கவில்லை என்று கிழிக்கக் கூடாது. "கெட்ட பக்கமும் புஸ்தகத்துலயே இருக்கணும், அப்பதான் நல்ல பக்கம் எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியும்" என்பார். பென்சில் ஒருவழியாகக் கைக்கு வந்த பிறகு கலர் கொடுத்தார். கலர் என்னை மிகவும் படுத்திவிட்டது. வானம் காய்வதற்குள் கடலைப் போட்டுவிடுவேன், இரண்டும் ஓடிக் கலந்து சாக்கடைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். "காயற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க அஞ்சலைக்கா. பாதி வேல சும்மா உக்காந்திருக்கறதுதான்" என்பார். சோப்புக் கம்பெனியில் சும்மா உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கத்துவான். இங்கே சும்மா உட்காரச் சொல்லிக் கத்துகிறார்கள் என்று சொன்னேன். இதைப் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கலர்ப் பெட்டியில் ஒரு கருநீலம் இருந்தது. அதை மட்டும் யோசித்துத் தொடச் சொன்னார். மற்ற கலரைத் தண்ணீர் தொட்டு ஒற்றினால் கொஞ்சமாவது வெளுத்துவிடும், அந்த நீலம் காகிதத்தில் ஊறினால் ஊறினதுதான் என்றார். நான் பயந்து அதைத் தொட்டதே இல்லை. நிழலுக்கெல்லாம் பிரவுன்தான் போடுவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. அடுத்தவர் புத்தகப் பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. திருத்தம் சொல்ல வேண்டுமானால் டீச்சரே நம் பக்கத்தைத் தொட மாட்டார். பையிலிருந்து பழைய காலண்டர் தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுவார். "இப்படியும் வரும். உங்க பக்கத்துல நீங்களே போடுங்க" என்பார். நான் கலர் தொட்ட புதிதில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்ததால் நாம் சொல்தா என்று கூப்பிடும் சவரிநாதன் ஐயா, நல்ல மனசோடு, என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி என் வானத்தைச் சரிபண்ணப் போனார். டீச்சர் சுவரை விட்டு எழுந்தே விட்டார்.

"நோ, மெசியே. கைய எடுங்க. அடுத்த வீட்டு அடுப்படிக்குள்ள பூந்து கொழம்புல உப்புப் போடுவீங்களா?"

"உப்பு கம்மியா இருந்தா..." என்றார் சொல்தா.

"கம்மியாவே இருக்கட்டும். அது அவங்க கொழம்பு."

அன்று வரை பிறந்த வீட்டில், புகுந்த வீட்டில், கம்பெனியில், இது உன்னுடையது, இதில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று என்னிடம் எவரும் சொன்னதில்லை. என் கோணல் வானம் அப்படியே என்னுடையதாக இருந்தது. அதற்காகத்தான் மழை நாளில்கூட வாசலில் உட்கார்ந்து தினமும் ஒரு பக்கம் போட்டேன். என் மருமகள் உமா, "இந்த வயசுல பென்சில் சீவிக்கிட்டு" என்பாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை கோயில் ஹாலில் நம் புத்தகங்களைப் பார்வைக்கு வைப்போம். அவரவர் விரும்பின பக்கத்தைத் திறந்து, ரிப்பன் கட்டி, முதல் நாளே டீச்சர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் முதல்முறையாக என் புத்தகத்தையும் கேட்டார். கரையில் ஏற்றிப் போட்ட ஒரு படகைத் தேர்ந்தெடுத்தேன். படகு நன்றாக வந்திருந்தது. நிழல்தான் வரவில்லை. பிரவுனில் போட்டது எங்கேயோ தள்ளிக் கிடந்தது, படகு மண்ணில் உட்காராமல் மிதந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் ஹாலுக்குள் போனால், என் புத்தகத்தைச் சுற்றிக் கூட்டம். "நெழலப் பாருங்க, படகு எப்புடி மண்ணுல உக்காந்திருக்கு" என்று ஒருவர் சொன்னார். உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தேன். என் படகுக்கு அடியில், என் பிரவுனின் மேலேயே, கருநீலத்தில் ஒரு நிழல். அழகான நிழல். படகு கனமாக, ஈரமாக, மண்ணில் அழுந்திக் கிடந்தது. நான் தொடாத கலர்.

அந்த நேரம் பார்த்து உமா வந்தாள். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தே, இத நீங்களா போட்டீங்க?" என்றாள். குரலில் கேலி இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியது அது ஒருமுறைதான். ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. பக்கத்தில் நின்ற டீச்சர், "முழுக்க அவங்க கைதாம்மா" என்றார். உமா போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அது என்னுடையது இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். "எதுக்கு டீச்சர் கை வச்சீங்க?"

அவர் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நல்லா வந்திருக்குல்ல? அப்புறம் என்னாக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. யாருது அது?"

"ஒங்களுக்காகத்தான் செஞ்சேன். மொத தடவ வைக்கறீங்க. நாலு பேரு நல்லாச் சொல்லணும்னு."

"எனக்காகவா? ரோஸ்லின் டீச்சரு சொல்லிக்குடுத்தும் அந்தப் பொம்பளைக்கு நெழலு வரலன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு செஞ்சீங்க."

அவருக்கு முகம் சிவந்தது. நான் சொன்னது சரியாகப் போய் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். சொல்தா போட்டிருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். சட்டம் வைத்தவரே போட்டார். என் குழம்பில் உப்புப் போட்டுவிட்டு, ஊர் ருசி பார்க்கும்போது பக்கத்தில் நின்று, அவளே வைத்த குழம்பு என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பிரஷ்ஷை ஈரமாக்கி அந்த நீலத்தை ஒற்றி எடுக்கப் பார்த்தேன். என் பிரவுன்தான் கரைந்து வந்தது. நீலம் அசையவில்லை. அதையும் அவர் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் சுவரின் மறுமுனைக்குப் போய்விட்டேன். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சிலர் சமாதானம் பேச வந்தீர்கள், திருப்பி அனுப்பினேன். ஆனால் படம் போடுவதை நிறுத்தவில்லை. அவர் அந்த முனையில், நான் இந்த முனையில், நடுவில் நீங்கள். ஒரே படகைத்தான் இரண்டு பேரும் போடுவோம். ஒருநாள் வீட்டுக்குப் புறப்பட்டவர் என் முன்னால் நின்றார். புத்தகத்தை எட்டிப் பார்க்கவில்லை, அந்த மரியாதை இருந்தது.

"நெழலு வருதாக்கா இப்ப?" என்றார்.

"என் நெழலு எனக்கு வருது" என்றேன்.

குடையை மாற்றிப் பிடித்தார். தப்பு என்று சொல்லப்போகிறார் என்று நான் பென்சிலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். "வெயில் ஏறுது, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். தப்பு என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை நாளும் அந்த முனையில் உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிடத் தெரியாதா எனக்கு? எதிரில் இருந்தால்தானே சொல்ல முடியும். உடம்புக்கு முடியாமல் போன பிறகும், நடுங்கும் கையோடு அவர் வந்துகொண்டிருந்தார். அவர் படம் போடத்தான் வந்தாரா, சொல்லத்தான் வந்தாரா, எனக்குத் தெரியாது. மனசில் இருப்பதைப் போடக் கூடாது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்: சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அந்தப் பழைய புத்தகத்தை எடுத்தேன். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. படகு கொஞ்சம் மங்கியிருந்தது, என் பிரவுன் அதைவிட மங்கியிருந்தது. நீலம் நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. கெட்டியாகக் கலர் குழைத்து மேலே பூசி அதை மூடிவிடலாம் என்று தோன்றியது. இனிமேல் கேட்க யார் இருக்கிறார்கள்? கலரைக் குழைத்தேன். பிரஷ்ஷைத் தோய்த்தேன். காகிதத்துக்கு ஒரு நெல் இடைவெளி இருக்கும்போது கை நின்றுவிட்டது.

படகு நான் போட்டது. நிழல் நான் போட்டது இல்லை. அந்த நிழல் விழுந்த அளவுக்கு அது அவருடைய பக்கம். அடுத்தவர் பக்கத்தில் பிரஷ் வைக்கக் கூடாது. சட்டம் அவருடையதுதான், அவர் மீறினார். நான் மீற மாட்டேன்.

நான் அவரை மன்னிக்கவில்லை. பூசையில் உட்கார்ந்துகொண்டு மன்னித்தேன் என்று பொய் சொல்கிற வயதும் எனக்கு இல்லை. ஆனால் அவர் கை பட்டது என் வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். அது அங்கேயே இருக்கும். என் காலத்துக்குப் பிறகு யாராவது புத்தகத்தைப் பிரித்து, எவ்வளவு நல்ல நிழல் என்று என்னைப் பாராட்டினால், உமா திருத்திச் சொல்ல வேண்டும். அவளிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, "மீதியெல்லாம் நீங்கதானே அத்தே" என்றாள்.

பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, இப்போதைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சுவரின் அந்த முனை காலியாக இருந்தது. நான் என் முனையிலேயே உட்கார்ந்தேன். படகைப் போட்டேன். காய்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு நிழலைப் போட்டேன், பிரவுனில். இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் விழுகிறது.