பூமியைச் சுருட்டிய நாளில் மூக்கன்

மூக்கன் போன மாசியில் இறந்துபோனார். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபெக்டரியில் சல்லடை அறை வேலை. பிறந்ததும் வாழ்ந்ததும் தோட்டம் கொடுத்த ஒரே லயத்து வீட்டில். மனைவி போன பிறகு தனி ஆள். தேயிலைத் தூசி நெஞ்சில் ஏறி, இருமலாகக் குடியிருந்தது. கொழும்புக்கு வந்து வைத்தியம் பார்க்கச் சொல்லி மகள் ஜெயந்தினி கெஞ்சாத நாளில்லை.

"வீட்டப் பூட்டிட்டு வந்தா எவனாவது பூந்துருவான் புள்ள. அப்புறம் தோட்டத்துத் தொர கால்ல விழுந்தாலும் கெடைக்காது."

அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஜெயந்தினிக்குக் கொழும்பில் மென்பொருள் எழுதும் வேலை. முந்தின வருசம் லீவில் வந்தவள், லெப்டொப்பில் ஒரு பழைய விளையாட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். வேடிக்கையான விண்வெளிக் கதையொன்றை வைத்துச் செய்தது. படம் கிடையாது. அது நிலைமையை எழுத்தில் சொல்லும். என்ன செய்வதென்று நாம் எழுத வேண்டும். வேற்றுக்கிரக ஹோட்டல் ஒன்றுக்குப் பூமி காட்சியை மறைக்கிறதாம். பாயைப் போல அதைச் சுருட்ட ஆள் வந்தாயிற்று. வாசலில் பச்சை நிற அதிகாரி. உடனே கப்பலில் ஏறியாக வேண்டும்.

அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவள் அதை அவர் மடியில் வைத்தாள். மூக்கன் ஒற்றை விரலால் எழுதினார்: "வணக்கம் தொர. பெரட்டுக்கு வந்திருக்கேன்."

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது" என்றது விளையாட்டு.

"காலைல ஆள் கணக்கெடுக்குறது தெரியாத தொரையா? வேலைக்குப் புதுசு போல."

"கப்பல்ல ஏறுன்னு எழுதுங்கப்பா."

"வீடு?"

"பூமியே போகப்போகுதுப்பா!"

"பூமி போகும். லயம் தோட்டத்தோடது. அது எங்க போகும்?"

பூமி சுருட்டப்பட்டது. உள்ளே மூக்கனும் இருந்தார். மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து வீட்டு வீரம்மா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, என்னையக் காவலுக்கு வச்சிட்டுப் போங்களேன்."

ஜெயந்தினி அப்போதே வீரம்மாவை விளையாட்டுக்குள் சேர்த்தாள். மூக்கன் காவல் வைத்தார். வீரம்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டதாக விளையாட்டு சொன்னது. கப்பல் படியில் கால் வைத்தவர் நின்றார்.

"வீரம்மா பூமியோட சேந்து சுருண்டுறாதா?"

"சுருண்டுரும்," என்றாள் மகள்.

"அடப்பாவி மனுசா! என் கோழியும் சேத்தா?" என்று கத்தினாள் வீரம்மா.

மூக்கன் வீரம்மாவையும் கோழியையும் கப்பலில் ஏற்றினார். வீடு காலி. தான் மட்டும் இறங்கி வந்தார். பூமி சுருண்டது.

ஜெயந்தினியின் லீவு மறுநாள் முடிகிறது. காலையில் வேன் வரும்.

"அப்பா, வெளையாட்டு இல்ல. நாளைக்கு என்னோட வாங்க."

மூக்கன் இருமி முடித்து, லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி எழுதினார்: "கதவைக் கழற்று."

"அப்படிச் செய்ய எனக்குத் தெரியாது."

"சொல்லிக் குடு புள்ள."

சொல்லிக்கொடுத்தாள்.

"கதவு இல்லாத வீட்டுக்கு எவன் குடி வருவான்? தோட்டத்து ஆபீஸுல சொல்லிப் புதுக் கதவு வாங்குறதுக்குள்ள அவன் கெழவனாயிருவான்."

மூக்கன் கதவோடு கப்பலில் ஏறினார். பச்சை அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். வீரம்மா கை தட்டினாள்.

காலையில் தட்டும் சத்தம் கேட்டு ஜெயந்தினி எழுந்தாள். அப்பா நிஜக் கதவின் பிணைச்சலைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டி பானையெல்லாம் அவள் வீட்டுக்குப் போயிருந்தது.

வேன்காரர் ஹிஷாம் திகைத்துப்போனார். "அண்ணே, கொழும்புல கதவு இல்லாத வீடா?"

"கயித்த இறுக்கிக் கட்டு தம்பி," என்று சொல்லிவிட்டு மூக்கன் முன் சீட்டில் ஏறினார்.

கொழும்பு வைத்தியத்தில் அவருக்கு இன்னொரு தீபாவளி கிடைத்தது. லயத்து வீட்டுக்கு இன்னும் யாரும் குடி வரவில்லை.