அஜ்மானிலிருந்து அடிபம்புக்கு

எங்கள் அப்பாவுக்குத் துபாயில் சொந்தமாக ஒரு அடிபம்பு இருக்கிறது என்று ஒன்பது வயது வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நில்லாமல் அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு படித்த பிள்ளைகளின் அப்பாக்களுக்குப் பெரிய கார் இருந்தது, ஊரில் ஃப்ளாட் இருந்தது. அடிபம்பு யாருக்கும் இல்லை.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார். அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "என்ன, அடிபம்புக்குக் கிளம்பியாச்சாக்கும்?" அப்பா கார் சாவியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, பஸ் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். கீழே நிழலில் எங்கள் கார் சும்மா நின்றுகொண்டிருக்கும். அப்பா அதைத் தாண்டி, வெயிலில் நடந்து, அஜ்மான் பஸ் நிலையத்துக்குப் போவார். "கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேணாமா?" என்று அம்மா பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே சொல்வாள்.

விஷயத்தை இப்போதே உடைத்துவிடுகிறேன். துபாயில் ஒரு ஓட்டலுக்குள் ஆங்கிலேயர்கள் கூடுகிற ஒரு பப் இருந்தது. அங்கே வாயு அடைத்த பீர் அல்லாமல், பீப்பாய்க்குள்ளேயே கிடந்து பதமாகிற பழைய முறை பீர் ஒன்று கிடைக்கும். அதைக் குழாயைத் திறந்து பிடிக்க முடியாது. மரப்பிடி போட்ட ஒரு கைப்பம்பை இழுத்து இழுத்துத்தான் கிளாஸில் நிரப்ப வேண்டும். அப்பாவின் முதல் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரர். அவர் பழக்கிவிட்ட ருசி அது. ராமநாதபுரத்துக்காரனுக்கு அந்தப் பம்பைப் பார்த்ததும் வேறு என்ன பெயர் தோன்றும்? அப்பாவும் அவரோடு அங்கே போகிற சிநேகிதர்களும் அடிபம்பு என்றே வைத்துவிட்டார்கள். நான் காதில் வாங்கினாலும் பாதகமில்லாத பெயராக அது இருந்ததில் எல்லோருக்கும் சௌகரியம்.

அப்பா அந்தக் கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர், போக்குவரத்து அமைச்சர், எல்லாமே. வாட்ஸப்பில் 'நீர்ப்பாசனக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். யார் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்கி மெட்ரோ பிடிக்க வேண்டும், திரும்பும்போது கடைசி பஸ் எது, அதற்கு முந்தினது எது என்று முதல் நாளே எழுதி அனுப்பிவிடுவார். ஆளுக்கு இரண்டு கிளாஸ்தான், அதற்கு மேல் கிடையாது. யாரும் கார் கொண்டு வரக் கூடாது. ஒரு தடவை இலங்கை மாமா, அவர் அப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர், பிந்திவிட்டது என்று காரில் வந்து இறங்கியிருக்கிறார். அப்பா அவரை உள்ளேயே விடாமல் வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டாராம். "ஒரு காருக்கு இவ்வளவு கோவமோ?" என்று மாமா எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அம்மாவிடம் முறையிட்டது எனக்கு நினைவிருக்கிறது.

இப்படி நீர்ப்பாசனம் செழித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பெரியப்பா விசிட் விசாவில் வந்து சேர்ந்தார்.

பெரியப்பா அப்பாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தாத்தா மொபெட்டிலிருந்து விழுந்து இறந்துபோனார் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்போது அப்பா பள்ளிக்கூடப் பையன். அதற்குப் பிறகு அவரைப் படிக்கவைத்து, டிப்ளமோ வாங்கவைத்து, விமானம் ஏற்றிவிட்டது வரைக்கும் பெரியப்பாதான். ஏற்றிவிடும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணிப் பக்கம் மட்டும் போயிராதடா." அப்பா அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார். அதனால் பெரியப்பா வந்த வாரமே குழு கலைக்கப்பட்டதுபோல அடங்கிவிட்டது. அண்ணன் முன்னால் உட்கார்ந்து கால் மேல் கால் போடாத மனிதர் என் அப்பா. இந்தச் சங்கதி தெரிந்தால் அண்ணன் தன்னோடு பேசுவதையே விட்டுவிடுவார் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

எனக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? அஜ்மானில் பிறந்து வளர்ந்த எனக்கு வீட்டுக்குள் மட்டும்தான் தமிழ். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் தெரிந்தாலே பெரிய காரியம். பெரியப்பாவிடம் எதையாவது பேசிப் பெயர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரவுச் சாப்பாட்டின்போது வாய்ப்பு வந்தது. ஊரில் தண்ணீர்க் கஷ்டம் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள். தெருமுனை அடிபம்பில் இன்னும் வருகிறது என்று பெரியப்பா சொன்னார்.

"பெரியப்பா, துபாய்ல அப்பாவுக்கும் ஒரு அடிபம்பு இருக்கு" என்றேன். "மாசாமாசம் ஃப்ரெண்ட்ஸோட பஸ்ல போய்த் தண்ணி அடிச்சிட்டு வருவாங்க."

அப்பாவுக்கு ரசம் புரையேறியது. அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ இருப்பது திடீரென்று ஞாபகம் வந்து எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பெரியப்பா சோற்றை ஒருமுறை நிதானமாகப் பிசைந்தார்.

"தண்ணி அடிச்சிட்டா வாராக?"

"ஆமா. ஆனா ரெண்டு கிளாஸ்தான். அதுக்கு மேல அடிக்கக் கூடாதுன்னு அப்பா ரூல் போட்டிருக்காங்க." அப்பாவின் நல்ல குணத்தை எடுத்துச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா அப்பளத்தைப் பார்த்தார்.

"பாலைவனத்துல அடிபம்பு. ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றார் பெரியப்பா. "வர்ற வெள்ளிக்கிழம போவமா? நானும் வாரேன்."

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவும் அம்மாவும் பால்கனியில் கிசுகிசுத்தார்கள். அண்ணன் வெள்ளந்தி, பிள்ளை சொன்னதை அப்படியே நம்பிவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. "வாழ்நாள் பூரா கடைசி பஸ்ஸுல குடிகாரனுங்களை இறக்கிவிட்டவருக்கா தண்ணின்னா தெரியாது?" என்பது அம்மாவின் கட்சி. அப்பா தன் கட்சியையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாவம், பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இல்லை.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஒரு நிஜமான அடிபம்பைக் கண்டுபிடித்தாக வேண்டும். அப்பா துபாய் தேராவில் கடை வைத்திருந்த பாய்க்குப் போன் போட்டார். பாய்க்கு நீர்ப்பாசனத்தோடு சம்பந்தம் கிடையாது. ஆனால் இந்த நாட்டில் கிடைக்காத பொருள் எதுவானாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் ஒரே நாளில் பதில் சொன்னார். ஷார்ஜாவைத் தாண்டி தைத் என்கிற ஊர்ப் பக்கம் அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் பேரீச்சந்தோட்டத்தில், அழகுக்காகத் தொட்டி மேல் ஒரு பழைய பம்பு வைத்திருக்கிறார்களாம். தண்ணீர் வருமா என்று அப்பா கேட்டார். "வந்தா உங்க நசீபு" என்றார் பாய்.

அப்பா அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த அழகை நான் இன்றைக்கும் மெச்சுவேன். அஜ்மானிலிருந்து ஷார்ஜாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தைதுக்கு ஒரு பஸ், அப்புறம் கொஞ்சம் நடை. குழுவில் மற்ற எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்துத் தலைவலியும் டியூட்டியும் வந்துவிட்டன. இலங்கை மாமா மட்டும், "நான் வாறன் அண்ணை, உங்களைத் தனிய விடேலாது" என்று நெற்றியில் விபூதியோடு வந்து நின்றார். அம்மா வரவில்லை. சிரிக்காமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பெரியப்பா பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்தார். கண்டக்டரே இல்லாத பஸ்ஸைப் பார்த்து அவருக்குப் பெரிய வருத்தம். ஏறுகிற ஒவ்வொருவரையும் பழக்கதோஷத்தில் மேலும் கீழும் பார்த்தார். இலங்கை மாமா ஏறியபோது கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். மாமா விபூதியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

தோட்டத்தில் பம்பு இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்து, சுற்றி வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, ஏதோ சிலை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். நான் ஓடிப்போய்க் கைப்பிடியைத் தொங்கி இழுத்தேன். வெறும் காற்றுதான் வந்தது. காவலுக்கு இருந்த பட்டான்காரர், "மாஃபி பானி, மாஃபி பானி" என்று, தண்ணீர் இல்லை என்பதாகக் கையை விரித்தார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. வழியில் குடிக்க வாங்கிவந்திருந்த மினரல் வாட்டர் பாட்டில்களைத் திறந்து, பம்பின் வாய்க்குள் ஒவ்வொன்றாக ஊற்றினார். இலங்கை மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடித்தார். இரண்டு பேரும் மாறி மாறி அடித்தார்கள். கம்பெனியில் மேலதிகாரிகளாக இருந்த இரண்டு பேர் பாலைவன வெயிலில் இப்படி வேலை செய்வதைப் பட்டான்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார்.

பம்பு இருமியது, செருமியது, திடீரென்று கொட்டிவிட்டது. துருவேறிப் பழுப்பு நிறத்தில், மேலே வெள்ளை நுரை கட்டிக்கொண்டு தண்ணீர் வாளியில் விழுந்தது. நான் கைதட்டினேன். இலங்கை மாமா மூச்சு வாங்கிக்கொண்டே வாளியைப் பார்த்தார். தன்னை மறந்தார்.

"அண்ணை, அச்சொட்டா அதே நிறம்!"

"எதோட நெறம்?" என்று கேட்டார் பெரியப்பா.

மாமா மடித்திருந்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார். பெரியப்பா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். உடனே கூழாங்கல் மேல் துப்பினார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார்.

"இதக் குடிக்கத்தானாடா மாசாமாசம் பஸ் ஏறுற?"

அப்பா பம்பின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லண்ணே" என்றார்.

பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இலங்கை மாமா பத்தடி பின்னால் வந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. நான் ஜன்னலோரம், பக்கத்தில் பெரியப்பா, நடைபாதைக்கு அந்தப்பக்கம் அப்பா. வெளியே மணல் மாலை வெயிலில் சிவப்பாகிக்கொண்டு வந்தது; ஏ.சி.யிலிருந்து நல்ல குளிர்காற்று தலையில் விழுந்தது; எனக்கு அந்த நாள் மிகவும் பிடித்திருந்தது. பாதி வழியில் பெரியப்பாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"ரெண்டோட நிறுத்திக்கிருவியா?"

"நிறுத்திக்கிருவேண்ணே."

"வண்டிய எடுக்குறதில்லையே?"

"ஒருநாளும் எடுத்ததில்ல. கூட வர்றவங்களையும் எடுக்க விட்டதில்ல. அதுக்குத்தானே இம்புட்டு பஸ்ஸும்."

பெரியப்பா தலையை மெதுவாக ஆட்டினார். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"அன்னைக்குக் கடைசி பஸ்ஸுல எனக்குத்தான் டியூட்டி. நம்ம அப்பா வந்து படியில கால வச்சாரு. தள்ளாடுனாரு. பஸ்ஸு பூரா தெரிஞ்ச முகம். எனக்கு மானம் போச்சு. குடிச்சவன ஏத்த மாட்டேன், இறங்குய்யான்னுட்டேன். இறங்கிப் போயி மொபெட்ட எடுத்துட்டாரு."

அப்பா இதை அதற்குமுன் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அவர் எழுந்து வந்து, இடமில்லாத எங்கள் சீட்டில் பெரியப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். "நீ பஸ்ஸுலயே போயிட்டு வா" என்றார் பெரியப்பா. "அது போதும் எனக்கு."

எனக்கு விளங்கியதெல்லாம், தாத்தா ஒரு பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார் என்பதுதான். எங்கள் அப்பா எத்தனையோ தடவை ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததில் வந்திருக்கிறார். இதற்குப் போய் இரண்டு பெரியவர்களும் இப்படி உட்கார்ந்திருக்கிறார்களே என்று இருந்தது.

"தாத்தா அடுத்த பஸ்ல வந்திருக்கலாமே, பெரியப்பா?" என்றேன்.

பெரியப்பா என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"வந்திருக்கலாம், தாயி" என்றார்.