இடது கன்னம் மட்டும்

திருப்பூரில் கத்தி படாமல் முகத்தோலை இறுக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். பாதி முகத்தை மட்டும் இறுக்கிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இருபத்தாறு வருடமாகப் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிறவளுக்கு வேறு மாதிரி யோசிக்க வராது.

சர்க்கரை ஏறி, கவனிக்காமல் விட்டு, ஒரே வருடத்தில் பதினான்கு கிலோ இறங்கிவிட்டேன். மாத்திரையில் சர்க்கரை அடங்கியது. போன சதை திரும்பவில்லை. தாடைக்குக் கீழே தோல் தொளதொளவென்று தொங்கியது. தொங்கிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்தது? ஆனால் ஜெர்மனியில் இருக்கும் என் ஒரே மகனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் அப்பா தவறியபோது, கையிலிருந்த வேலையை உதறிவிட்டு வந்து ஒரு வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். மறுபடி வேலை கிடைக்க அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை அப்படி நடந்துவிடக்கூடாது என்று, வீடியோ காலில் முகத்தை வழுவழுப்பாக்கும் ஃபில்டரைப் போட்டுக்கொண்டு, "எனக்கென்ன கண்ணு, கல்லாட்டம் இருக்கறேன்" என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன். திடீரென்று, லீவு கிடைத்துவிட்டது, மூன்று வாரத்தில் வருகிறேன் என்றான். நேரில் எந்த ஃபில்டரைப் போடுவது?

ஒரு தோல் கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டரம்மா பொறுமையானவர். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் உலோகத் தகடு ஏதாவது வைத்திருக்கிறதா, சர்க்கரை இப்போது எவ்வளவு என்று எல்லாம் விசாரித்தார். பிறகு சொன்னார்: "தோலுக்கு அடியில சூடு குடுக்கறோமுங்க. அதுல தோலைத் தாங்கற கொலாஜன் புதுசா உண்டாகி, மெல்ல இறுகும். ரெண்டு மூணு மாசம் ஆகும். அப்பவும் கொஞ்சந்தான் தெரியும். இவ்வளவு எளைச்சவங்களுக்கு மாயமெல்லாம் நடக்காதுங்க."

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவும் அதிலேயே இருந்தது. நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் அறுபது நாளில் முடிகிற ஆர்டருக்கு, சரக்கு வாங்குகிற பையரிடம் தொண்ணூறு நாள் கேட்போம். இந்தம்மாவும் கையில் நாள் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார், மூன்று மாதம் என்றால் மூன்று வாரத்தில் ஆகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது முதல் மடத்தனம்.

"முதல்ல எடது பக்கம் மட்டும் பண்ணுங்க. சாம்பிள் ஓகே ஆனாத்தான் மீதி" என்றேன். இது இரண்டாவது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மூஞ்சிக்கு யாரும் சாம்பிள் கேட்டதில்லீங்களே!"

"சாம்பிள் பாக்காம ஓட்டி எத்தன சரக்கு திரும்பி வந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், இன்னொரு பக்கத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லி, ஒரு பக்கம் போதும் என்று நானே கேட்டதாக எழுதி வாங்கிக்கொண்டு, கன்னத்தில் ஜெல்லைத் தடவினார். கருவி தாடை எலும்பு மேல் வந்தபோது சுரீரென்றது. அட சாமி, அந்த இடத்தில் மட்டும் சாம்பிளே வேண்டாம் என்றிருந்தது.

மறுநாள் கம்பெனியில், துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கப் புள்ளி வைப்போமே, அந்த மார்க்கரால் இடது தாடையில் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டேன். தினமும் டேப்பால் அளந்தேன். ஒரு நூல்கூடக் குறையவில்லை. பொறுக்கமாட்டாமல், துணியின் நிறம் ஒத்துப்பார்க்கிற லைட் பெட்டிக்குள் தலையை விட்டு, கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் வெயில் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே சாயத்துல முக்குன லாட்டுதானுங்கக்கா" என்றார். அவரை அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை.

மகன் வந்தான். இறங்கியதும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் நின்றான். நான் சட்டென்று இடது பக்கத்தைத் திருப்பினேன். ஒன்றுமே மாறாத கன்னம்தான். ஆனாலும் செலவு செய்த கன்னமாயிற்றே! சாப்பிடும்போது நாற்காலியை மாற்றிப் போட்டேன். வாடகைக்கு எடுத்த காரை அவன் ஓட்டினால், பக்கத்தில் உட்காருகிறவளின் வலது கன்னம்தான் அவனுக்குத் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. சாம்பிளுக்குப் பக்கம் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசித்தேனா? சொந்த மகன் ஓட்டுகிற காரில் பின்சீட்டில் போனேன்.

நான்காம் நாள், "ஏனுங்மா, கழுத்து சுளுக்கிருச்சா? ஒரே பக்கமாவே இருக்கறீங்க" என்று தைலத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டான். வேண்டாம் வேண்டாம் என்றேன். கேட்டால்தானே! தேய்த்துக்கொண்டே வந்த கை தோள்பட்டை எலும்பில் நின்றுவிட்டது.

"எத்தன கிலோங்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிள் விஷயத்தைச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "நீ வேலைய உட்டுட்டு வந்துருவீன்னுதான் கண்ணு மறைச்சேன்" என்றேன். "மறைச்சாத்தானுங்மா வரணும். சொல்லீட்டா எதுக்கு வேலைய உட்டுட்டு வரப்போறேன்?" என்றான். அந்த லீவு முழுக்க என்னை முன்சீட்டில் உட்காரவைத்துத்தான் ஓட்டினான். பிறகு ஒழுங்காக ஜெர்மனிக்கே திரும்பிப் போனான்.

டாக்டரம்மா சொன்னது சொன்னபடி நடந்தது. மூன்றாம் மாதம் இடது தாடை கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், இறுகியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஃபில்டரை எடுத்துவிட்டு, இடது பக்கத்தை நன்றாகக் காட்டினேன்.

"நல்லாருக்குதுங்மா" என்றான். அப்புறம், "பெட்டீல மேல அடுக்கி வெச்ச பீஸ மட்டும் காட்டுனா நீங்க பாஸ் பண்ணுவீங்களா? அந்தப் பக்கம் திருப்புங்க" என்றான்.

இருபத்தாறு வருடமாக அட்டைப்பெட்டியின் அடியில் கையை விட்டு நான் உருவிப் பார்க்கிற வேலை அது. வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அந்தப் பக்கத்துக்குச் சிகிச்சை எதுவும் செய்துகொள்ளாமல் அப்படியே விட்டுவிட்டேன். என் உடம்பு எப்படி இருக்கிறதென்று வாராவாரம் அவன் பார்ப்பது அதைத்தான்.