உதர்

ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் இந்தி தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். போட்டிக்கு ஆள் இல்லாததால் கிடைத்த பெயர். திருநெல்வேலிப் பக்கமிருந்து சித்தப்பா லேத் வேலை தேடி தாராவிக்கு வந்ததும், அவருக்கு இந்தி கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். இதர் என்றால் இங்கே. உதர் என்றால் அங்கே. ராத்திரியும் பகலும் மனப்பாடம் செய்தார்.

மூன்று மாதமாகியும் வேலை அமையவில்லை. விக்ரோலியில் ஒரு பட்டறையில், எட்டு மணிக்கு வந்து லேத்தில் ஒரு துண்டு கடைந்து காட்டினால் பார்க்கலாம் என்று தெரிந்தவர் மூலம் தகவல் வந்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் வாசலைக் காட்டி வைத்தார். இதுவும் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றும் சொல்லி வைத்தார். எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானம்தான். எனவே மொழிபெயர்ப்பாளனாக நானும் போனேன்.

சயான் ஸ்டேஷனில் ஆறரைக்கே நின்றோம். வரவேண்டிய வண்டி வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஃபாஸ்ட் வண்டிகள் மட்டும் எங்களைத் தெரியாதவை போலக் கடந்து போயின. ஏழரை தாண்டி ஒரு ஸ்லோ வந்தபோது மூன்று வண்டிக் கூட்டமும் அதில் ஏறியது. நாங்கள் ஏறவில்லை, ஏற்றப்பட்டோம். நான் யாருடைய டிபன் டப்பாவுக்கோ அடியில் போய்ச் சேர்ந்தேன். சித்தப்பா கதவருகே நசுங்கிக்கொண்டிருந்தார்.

காட்கோபர் நெருங்கும்போது பின்னால் நின்றவர் அவரிடம், "உதர்னா ஹை க்யா?" என்றார். இறங்கப் போகிறாயா என்று அர்த்தம். இந்திக்காரர்களுக்கு இந்த உதர் வேறு, என் நோட்டிலிருந்த உதர் வேறு. அவர்களிடம் 'த' நாலு வகை இருக்கிறது. நம்மிடம் ஒன்றுதான். இந்த நுணுக்கம் பாடத்தில் விட்டுப்போயிருந்தது.

தெரிந்த வார்த்தை காதில் விழுந்ததும் சித்தப்பா முகம் மலர்ந்தது. வண்டி போகும் திசையைக் காட்டி, "உதர், உதர்" என்றார். பம்பாய்க்காரர்கள் உபகாரிகள். நாலைந்து கைகள் சேர்ந்து அவரைக் காட்கோபரில் இறக்கிவைத்தன. அவர் திரும்ப ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

நான் விக்ரோலியில் இறங்கி, பயப்படாதவனைப் போல நின்றேன். அடுத்த வண்டியை நம்பாமல் சித்தப்பா தண்டவாளத்தை ஒட்டியே ஓடி வந்தார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அந்த வழியில் பட்டறை வாசலைக் கடந்துதான் ஸ்டேஷனுக்கு வரவேண்டும். கடந்து வந்திருந்தார்.

"பயந்துட்டியாலே?" என்றார். இல்லை என்றேன்.

பட்டறைக்குள் போகும்போது எட்டே முக்கால். லேத்தில் வேறொருவர் நின்றிருந்தார். ரயில் கதை முழுவதையும் நான் போர்மேனிடம் இந்தியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "தமிழ்லயே சொல்லுப்பா, நான் நாகர்கோயில்தான். ஆள் எடுத்தாச்சே" என்றார்.

திரும்பும் வண்டியில் குர்லா வருமுன் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா, "நஹி, சயான்" என்றார்.

சாயங்காலம் அப்பா விசாரித்தார். ரயில் லேட் என்று மட்டும் சொன்னார் சித்தப்பா.

"அது நான் மில்லுல சொல்லுத பொய்யில்லாடே. எங்கிட்டயே சொல்லுதியா?" என்றார் அப்பா. வருகிற வாரம் ஊருக்கு டிக்கெட் எடுப்பதாக முடிவாயிற்று.

ரயில் லேட்தான். ஆனால் நடுவழியில் இறங்கியது இவர்தானே, அதைச் சொல்லாமல் மறைக்கிறாரே என்று எனக்குக் கோபம். எதற்காக இறக்கிவிட்டார்கள் என்றே இவருக்கு இன்னும் புரியவில்லை என்று தீர்மானித்தேன். அடுப்பருகே போய் அம்மாவிடம், சித்தப்பாவுக்கு இந்தி வரவே வராது என்று தீர்ப்பும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஆமா மைனி," என்றார். "பிள்ள நல்லாத்தான் சொல்லிக்குடுத்தான்."