திரை அணைந்த பிறகும் படித்தவள்

எங்கள் பள்ளியில் இணையம் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். வகுப்பறையில் இல்லை, அலுவலக மேசையில் இல்லை. சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் குடிநீர் மேல்நிலைத் தொட்டியின் அடியில், கிழக்குப் பக்கத் தூணருகே. காலை வருகைப் பதிவை அனுப்ப நானும் உதவி ஆசிரியரும் அங்கேதான் போய் நிற்போம். தொட்டி நிரம்பி வழிந்த நாளில் குடை பிடித்துக்கொண்டு அனுப்பியதும் உண்டு.

நான் கீரமங்கலத்துக்காரி. இந்த ஈராசிரியர் தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அதில் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. யார் வரவில்லை, ஏன் வரவில்லை, மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, சத்துணவில் அன்று என்ன, இவ்வளவுதான். வரலாற்று நூல்களை விரும்பிப் படிப்பவள் நான். ஒரு கல்வெட்டில் உள்ள கிழமையையும் நட்சத்திரத்தையும் வைத்து ஓர் அரசனின் ஆட்சியாண்டையே சரிபார்ப்பவர்களைப் படித்துப் படித்து, கிழமையும் நேரமும் இல்லாத செய்தியை எழுத எனக்குக் கை வருவதில்லை.

பள்ளி திறந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை இரண்டு டேப்கள், அதாவது கைக்கணினிகள், வந்தன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பை அறிய அரசு கொண்டுவந்த திட்டம் அது. செய்முறை எளிது. டேப்பின் திரையில் ஒரு சிறிய பத்தி வரும். பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஆசிரியர், தவறாகப் படிக்கும் சொல்லை மட்டும் விரலால் தொட வேண்டும். முடிவில் டேப் ஒரு நிறம் காட்டும். எழுத்தே பிடிபடாதவருக்குச் சிவப்பு, தட்டுத்தடுமாறிப் படிப்பவருக்கு மஞ்சள், சரளமாகப் படிப்பவருக்குப் பச்சை. சிவப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் பிற்பகலில் ஒரு மணி நேரம் தனி வகுப்பு. அவரவர் தடுமாறும் எழுத்துக்கு ஏற்ற பாடத்தை டேப்பே எடுத்துத் தரும். பச்சைப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் கதைப் புத்தகம்.

எனக்கு இந்தத் திட்டம் முதல் நாளே பிடித்துவிட்டது. முன்பெல்லாம் "சுமாராகப் படிக்கிறான்" என்று எழுதி வைப்போம். அந்த 'சுமார்' எந்த எழுத்தில் இருக்கிறது என்று எங்களை யாரும் கேட்டதில்லை. இது கேட்டது.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை மூன்றாம் வகுப்புக்கு மதிப்பீடு. இணையம் வேண்டுமே என்று பதினோரு பிள்ளைகளையும் தொட்டித் தூணருகே அழைத்துப் போய் வரிசையாக உட்கார வைத்தோம். பதிவேட்டு வரிசைதான். ஆண் பிள்ளைகள் முதலில், பெண் பிள்ளைகள் பிறகு. நான் டேப்போடு முக்காலியில் உட்கார்ந்தேன். உதவி ஆசிரியர் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் திருக்கோகர்ணத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர். வயதில் எனக்குப் பாதிதான் இருக்கும். டேப்பில் எனக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரியும்.

பத்தி, ஓர் ஆட்டுக்குட்டி குளத்தில் தன் நிழலைக் கண்டு மிரண்டதைப் பற்றியது. பதினோராவதாக வந்தவள் பதிவேட்டின் கடைசிப் பெண். கூட்டத்தில் தயங்காமல் பேசுகிறவள். காலை வழிபாட்டில் பாட்டை எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். அம்மா முல்லைத் தோட்டத்தில் விடியுமுன் பூப் பறிக்கப் போவார். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார்.

முக்காலிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். ஒரு சொல் பிசகவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஆட்டுக்குட்டி மிரளும் இடத்தில் தானும் மிரண்டு, அவ்வளவு அழகாகப் படித்தாள். முக்கால்வாசி போனபோது திரை அணைந்துவிட்டது. சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் அது தானாக அணையும். அவள் தவறே விடாததால் நான் தொடவே இல்லை. அவள் நிற்காமல் கடைசி வரிவரை போய் முடித்தாள். நான் திரையைத் தட்டி எழுப்பி, 'முடிந்தது' என்பதை அழுத்தினேன். பச்சை.

"டீச்சர், மூணாப்புல யாரும் செவப்பு இல்ல. நம்ம வட்டாரத்துல இப்படி எந்த ஸ்கூலும் இருக்காது!" என்றார் உதவி ஆசிரியர். அங்கேயே, தூணருகே நின்றபடி, முடிவுகளை அனுப்பினார். அனுப்பிய முடிவு பூட்டப்பட்டுவிடும்.

அன்று மாலை ஐந்தரைக்கு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே நாட்குறிப்பு எழுதினேன். "புதன். மூன்றாம் வகுப்பு மதிப்பீடு. காலை பத்தே காலுக்குத் தொடக்கம். கடைசிப் பெண் பிழையின்றிப் படித்தாள். தொடாததால் திரை அணைந்தது. அவள் நிறுத்தவில்லை."

எழுதிவிட்டு அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி ஆறிப்போனது. அணைந்த திரையில் அவள் எதைப் படித்தாள்?

மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு, அதே பத்தியிலிருந்து மூன்று சொற்களைப் பலகையில் எழுதினேன். குளம், நிழல், குட்டி.

"இது என்னன்னு படி தாயி."

பலகையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஓர் ஆட்டுக்குட்டி குளத்துக்குப் போனது..." என்று முதலிலிருந்து தொடங்கினாள்.

"கதை வேணாம். இந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லு."

"எல்லாம் அதுலதான் டீச்சர் வருது. முழுசா சொன்னாத்தான் வரும்."

'நிழல்' என்பதன் மேல் விரலை வைத்தேன். சற்று யோசித்து, "ஆடு" என்றாள்.

அவள் ஏமாற்றவில்லை. தனக்கு முன்னால் பத்துப் பேர் அதே பத்தியைப் படிப்பதைத் தூணருகே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். படிப்பது என்றால் கேட்டதைத் திருப்பிச் சொல்வது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள். நாங்களும் அவளை அப்படி நினைக்க விட்டிருக்கிறோம். ஆனால் டேப்பின் கணக்கில் அவள் பச்சை. தனி வகுப்பு அவளுக்குக் கிடையாது. கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளை படிப்பதைக் கேட்டபடியே நான்காம் வகுப்புக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு எழுத்துக் கூட்டச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

உதவி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"ஒரே பத்தியத்தான டீச்சர் அது குடுத்துச்சு? நாம என்ன செய்யிறது?"

டேப்பைக் கையாள எங்களுக்குத் தந்த பயிற்சி நாளன்று நான் எழுதிய குறிப்பைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது: "ஒவ்வொரு பிள்ளைக்கும் 'வேறு பத்தி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மற்றவர் கேட்காத இடத்தில் வைக்க வேண்டும்." கீழே அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்க. எழுதுனதப் படிக்கிறதுக்குத்தான் ஆளு வேணும்போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது நியாயம்தான்.

வட்டார வள மையத்துக்குத் தொலைபேசி செய்தேன். மதிப்பீட்டைக் கவனிக்கும் பயிற்றுநர் பொறுமையாகக் கேட்டார். டேப்பிலேயே விண்ணப்பித்தால் பூட்டைத் திறக்க வழி உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் மறுமதிப்பீடு செய்து அனுப்ப வேண்டும். அதன் பிறகு காலாண்டுத் தேர்வு முடியும்வரை நிறத்தை மாற்ற முடியாது. அன்று வியாழன், மணி பதினொன்று.

"விண்ணப்பத்துல காரணம்னு ஒரு எடம் வரும் டீச்சர். அதுல 'கருவிப் பழுது'ன்னு போட்டுருங்க. ஒடனே தானா தெறந்துரும்" என்றார்.

"கருவி நல்லாத்தான் இருக்குங்க சார்."

"அது எனக்கும் தெரியும். 'மற்றவை'ன்னு போட்டா யாராச்சும் படிச்சுப் பாத்துத்தான் தெறப்பாங்க. நாளைக்குள்ள நடக்குமான்னு சொல்ல முடியாது. பிள்ளைக்கு நல்லதுதான பண்றீங்க, ஒரு வார்த்தை மாத்திப் போட்டா என்ன?"

தொட்டியடியில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவி ஆசிரியரும் அதைத்தான் சொன்னார். "பழுதுன்னே போடுங்க டீச்சர். ஒரு நாள்தான் இருக்கு."

அவர்கள் சொன்னதில் அந்தப் பெண் மேல் இருந்த அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எங்களைப் போலவே பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒரே பத்தியைக் கொடுத்த பள்ளி இன்னொன்று இருக்கலாம். அங்கேயும் ஒரு கடைசிப் பெண் இருக்கலாம். நான் 'பழுது' என்று எழுதினால், டேப்பைப் பழுதுபார்க்க ஆள் வருவார். வரிசை அப்படியே இருக்கும். 'மற்றவை' என்பதைத் தொட்டு, இடம் கொடுத்த அளவுக்கு எழுதினேன்: "கருவியில் குறை இல்லை. பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து ஒரே பத்தியைப் படிக்கச் செய்தோம். கடைசிப் பெண் கேட்டு மனப்பாடமாகச் சொன்னாள். திரை அணைந்த பிறகும் படித்தாள். தவறு எங்களுடையது. வகுப்பு முழுவதையும் மறுபடி மதிப்பிட அனுமதி வேண்டும்." பிறகு பயிற்றுநரை அழைத்து, அனுப்பிவிட்டேன், அதைப் படிக்க வேண்டியவர் யாரோ அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "நீங்க விடமாட்டீங்களே" என்று சிரித்தார். ஆனால் சொல்லியிருக்கிறார்.

பள்ளி விட்டதும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் பூக்கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. நேத்தே அவுக அப்பாவுக்குப் போன்ல சொல்லிட்டேன், ஒங்க மக பச்சைன்னு. சைக்கிள் வாங்கித் தாரேன்னுருக்காக."

விஷயத்தைச் சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"நேத்து பச்சைங்கிறீங்க, இன்னைக்கு செவப்புங்கிறீங்க. ஈரப்பூவ எடை போட்டு வாங்கிட்டு மறுநா கொறையுதுங்கிற ஏவாரி மாதிரில்ல இருக்கு?"

"ஈரத்தோட எடை போட்டது நாங்கதாம்மா. அதத்தான் சொல்ல வந்தேன்."

அவர் கூடையை எடுத்து மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார். "செவப்புன்னா அவளுக்குத் தனியா சொல்லிக் குடுப்பீகளா?"

"தெனமும் ஒரு மணி நேரம்."

"அப்ப செவப்புன்னே போடுங்க. சைக்கிளு எங்கிட்டும் ஓடிப்போகாது. ஆனா அவகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொல்லமாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை பூட்டு திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோதும் இல்லை. ஒன்று ஐம்பதுக்கு உதவி ஆசிரியர் தொட்டியடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். திறந்திருந்தது.

பிள்ளைகள் அனைவரையும் சத்துணவுக் கூடத்தில் சமையல் அம்மாவிடம் விட்டோம். ஒவ்வொருவராகத் தூணருகே வரவழைத்தோம். ஒவ்வொருவருக்கும் வேறு பத்தி. இந்த முறை பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்தேன். அவள்தான் முதலில் வந்தாள்.

"எதுக்கு டீச்சர் மறுபடி? நான் தப்பே விடலையே?"

"நீ விடல. நாங்கதான் விட்டோம். ஒனக்குக் காதால படிக்கத் தெரியுது. கண்ணால படிக்க நாங்க சொல்லித் தரலை. இனிமே சொல்லித் தாரோம்."

திரையைப் பார்த்தாள். புதுப் பத்தி. வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இத யாரும் சொல்லிக் காமிக்கலையே" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. சிவப்பு வந்தது. அன்று அவளோடு இன்னும் மூவர் பச்சையிலிருந்து இறங்கினார்கள். நான்கு நாற்பதுக்கு எல்லாவற்றையும் அனுப்பினோம்.

திங்கட்கிழமை தனி வகுப்பில் அவள் போய் உட்கார்ந்ததும் ஒரு பையன், "பச்சை செவப்பாயிருச்சுடோய்!" என்றான்.

"ஒனக்கு அந்த ஆட்டுக்குட்டிக் கதைய பாக்காமச் சொல்லத் தெரியுமாடா? மொதல்ல அதச் சொல்லு" என்றாள் அவள். அவனுக்குத் தெரியவில்லை. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

டேப் அவளுக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கொடுத்தது. அவளுடைய காதையே வழியாக எடுத்துக்கொண்டோம். ஒலியைக் கேட்பாள், உடனே அந்த ஒலிக்குரிய எழுத்தைத் திரையில் தொடுவாள். புரட்டாசி முடிவதற்குள் உயிரெழுத்தும் மெய்யும் வந்துவிட்டன. கொம்பும் துணைக்காலும் சேர்ந்த எழுத்துகள்தான் அவளைப் பாடாய்ப் படுத்தின. ஐப்பசி மழையில் இரண்டு நாள் இணையம் வராதபோது பூக்கடைப் பையில் அச்சிட்டிருந்ததை வைத்துப் பாடம் நடத்தினோம். கார்த்திகையில் வட்டாரக் கூட்டத்தில் ஒரு மாற்றத்தை அறிவித்தார்கள். இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் டேப் தானாகவே வேறு பத்தியைக் கொடுக்கும். எங்கள் விண்ணப்பத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிழமையை மட்டும் குறித்துக்கொண்டேன்.

தை பிறந்து இரண்டாவது வியாழக்கிழமை, காலை பத்தரை மணி, அடுத்த மதிப்பீடு. அதே தூண், அதே முக்காலி. பத்தி ஒரு மினி பஸ்ஸைப் பற்றியது. அவள் விரலைத் திரையிலிருந்து ஒரு நூல் இடைவெளியில் பிடித்துக்கொண்டு, சொல் சொல்லாகப் போனாள். முதல் வரியில் இரண்டு இடத்தில் தொட்டேன், மூன்றாவது வரியில் ஓர் இடத்தில். அன்று அவளுக்கு மஞ்சள் கிடைக்கப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் தவறே வரவில்லை. மெதுவாக, ஆனால் சரியாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் தொடவில்லை. திரை அணைந்தது.

அவள் நிறுத்திவிட்டாள்.

நான் சும்மா இருந்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், தொடுங்க. இருட்டாப் போச்சுல்ல? மிச்சத்த எப்படிப் படிக்கிறது?"

தொட்டேன். வெளிச்சம் வந்ததும் விட்ட சொல்லைத் தேடிப் பிடித்து, அதன் கீழே விரலைப் பிடித்து, கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.