மச்சானின் சிவப்புக் காரும் டர்போ இன்ஜினும்

என் அக்காவின் கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கைபேசி எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. அவரிடமும் ஒன்று இருந்தது. இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு நாள் காலையில் லாரியில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்து ராமநாதபுரத்தில் என் பட்டறை வாசலில் இறக்கினார்.

சாயல்குடிப் பக்கம் அவருக்கு மிளகாய் விவசாயம். கொடைக்கானலில் யாரோ பங்களாவை விற்றபோது, அங்கே ஷெட்டில் கிடந்த இந்தக் காரையும் விற்றார்களாம். சிவப்பு நிறத்தில் ஒரு சீமைக் கார். இரண்டே இருக்கை, கூரைக்குப் பதில் மடக்குகிற துணி. நான் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. இன்ஜின் உள்ளே துருவேறி இறுகிக் கிடந்தது.

நான் வேன்களையும் ஜீப்புகளையும் பார்க்கிறவன். பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்க்கலாம், சாமான் தேடிப் போட்டால் மெதுவாக ஓடும் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் தாளை எடுத்து நீட்டினார். வெளிநாட்டில் யாரோ இதே மாதிரி காரில் டர்போ இன்ஜின் வைத்திருந்த படம்.

"ஓடுனா மட்டும் போதாது மாப்ள. பறக்கணும்" என்றார்.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அழுத்தினால் காற்று சூடாகும். அதைக் குளிர வைத்து அனுப்பத்தான் ரேடியேட்டர் மாதிரியே இருக்கும் இன்டர்கூலர். இதை அவருக்கு விளக்கி, இந்தச் சின்ன வண்டிக்கு இது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே மதுரையில் விபத்தில் நொறுங்கிய ஒரு ஜீப்பின் டர்போ வைத்த டீசல் இன்ஜினை வாங்கிவிட்டிருந்தார்.

அது வந்ததும் அளந்து பார்த்தேன். நீளமும் அகலமும் எப்படியோ அடங்கின. உயரம் நாலு விரற்கடை அதிகம்.

"உயரத்தை அளக்கலயா மச்சான்?"

"அது எதுக்கு? மேல பானெட்டுதான இருக்கு."

நான் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

எட்டு மாதம் ஆனது. அந்த இன்ஜினைச் சங்கிலியில் தூக்கி எத்தனை தடவை உள்ளே இறக்கினேன், எத்தனை தடவை வெளியே எடுத்தேன் என்று கணக்கில்லை. ஸ்டியரிங் தண்டில் இடிக்கிறது என்று அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை அறுத்து, குட்டையாக்கி, மறுபடி வெல்டிங் வைத்தேன். கியர்பாக்ஸ் உட்காரவில்லை, அதற்கென்று லேத்தில் கனமான தகடு ஒன்று கடைந்தேன். இன்ஜின் பாரத்தில் வண்டியின் மூக்கு தரையைப் பார்த்தது. முன் ஸ்பிரிங்கை மாற்றினேன். கடைசியில் பானெட்டிலும் ஓட்டை போட்டு, மேலே ஒரு புடைப்பு வைத்தேன். இத்தனைக்கும் மச்சான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் மட்டும் வாருங்கள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து, அக்கா எனக்குச் சோறு கொடுத்துவிட்டதாகத் தூக்குச்சட்டியோடு வந்தார்.

இன்டர்கூலர் வைக்கும்போதுதான் நான் பொறுமை இழந்தேன். சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் வைத்து, காற்று வர ஒரு குழாய் கொடுத்தால் போதும். அவருக்கோ அது முன்னால், கிரில்லுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அங்கே வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது, நம் ஊர் வெயிலுக்குக் கொதித்துவிடும் என்றேன்.

"பக்கத்துல ஒளிச்சு வச்சா, வச்சதே யாருக்குத் தெரியும் மாப்ள?"

ஸ்பேனரைக் கீழே போட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அது எப்படிப் போகும்? அவர் அந்தக் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அவுக சொல்ற இடத்துலயே மாட்டிவிட்ரு. ரெண்டு நாளா அவுகளுக்குச் சோறு எறங்கல."

மாட்டினேன். ரேடியேட்டருக்குக் கூடுதலாக ஒரு மின்விசிறியும் வைத்தேன். ஒரு சனிக்கிழமை வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் காலை என்னை ஏற்றிக்கொண்டு பாம்பன் போவதாக ஏற்பாடு. மூன்றாவது இருக்கை இல்லாததால் அக்கா பஸ்ஸில் வந்தாள்.

உச்சிப்புளி தாண்டி நேர்சாலையில் அவர் மிதித்தபோது முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே வந்தது. மெதுவாகப் போங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, காற்றில் கேட்கவில்லை என்று காதைக் காட்டினார்.

பாலத்தின் நடுவில், கடலுக்கு மேலே, டமாரென்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. வண்டி இழுவை இல்லாமல் சோர்ந்துபோக, அவர் பயந்து நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ்களும் வேன்களும் ஹாரன் அடித்தன. மச்சான் இறங்கி, அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏலே, எட்டு மாசமா என்னதான்டா வேல பாத்த?"

மாப்ள என்றே கூப்பிடுகிறவர் என்னை ஏலே என்றது அதுதான் முதல் தடவை. பானெட்டைத் திறந்தேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் கழன்று கிடந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து தொங்கியது. முந்தின நாள் என் கையால் இரண்டு தடவை முறுக்கிச் சரிபார்த்த கிளிப் அது. சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்போது பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். எட்டிப் பார்த்தாள். பிறகு மச்சானிடம் திரும்பி, சத்தத்தைக் கூட்டாமல் கேட்டாள்:

"நேத்து சாயங்காலம் கழத்தி, புளி போட்டு வெளக்கிட்டு இருந்தீகளே, அது இந்த வளையந்தான?"

மச்சான் கடலைப் பார்த்தார். பளபளப்பாக இருக்கட்டும் என்று கழற்றியவர், திரும்ப மாட்டும்போது சரியாக முறுக்கவில்லை. நான் விரல் சுடச்சுடக் குழாயைச் செருகி கிளிப்பை இறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் என் இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"நீ பஸ்ல வா தம்பி. அங்கன கடைகிட்ட நிக்கிறோம்."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அந்த வண்டி யாருடையது, ஏன் வெடித்தது என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். பாம்பனில் டீக்கடை முன்னால் கார் நின்றது. எதிர்பார்த்தபடியே ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அக்கா கருவாடு வாங்கப் போயிருந்தாள். மச்சான் கையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

"மாப்ள, அந்தக் கூலரை நீ சொன்ன எடத்துக்கே மாத்திருவமா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அத்தனை குழாயையும் கழற்றி, வளைத்து, மறுபடி மாட்ட இன்னும் மூன்று வாரம் ஆனது. பாலத்தில் என்னை அப்படிப் பேசியதற்கு அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வேலை தொடங்கிய நாளில் வந்தார். நாற்காலியைத் தேடவில்லை. வண்டிக்கு அடியில் என் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்து, நான் கை நீட்டிய இடத்துக்கெல்லாம் டார்ச் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம்வரை ஒரு யோசனையும் சொல்லவில்லை.