தெற்கு பார்த்த நாய்க்கூண்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன், பல விஷயம் மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளியில் கூண்டு வைத்து நாய் வளர்ப்பவர்கள் மழைக்குளிரில் நான் செய்ததைச் செய்துவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பெருங்களத்தூரில் ஏரிக்குப் பக்கத்துக் காலனியில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். பத்து வருஷத்துக்கு முன்னால் வேலையிலிருந்து வரும்போது வண்டலூர் ரோட்டில் கிடந்த குட்டி ஒன்றை எடுத்து வந்தான். மருமகளுக்கு இழுப்பு உண்டு. நாய்முடி பட்டால் மூச்சு வாங்கும். அதனால் நாய் வாசப்படி தாண்டக் கூடாது என்று அன்றைக்கே பேச்சாகிவிட்டது.

எனக்கு நாய் என்றாலே பயம். ஏழு வயதில் ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். இந்த நாய்க்குப் பத்து வருஷமாகச் சோறு வைத்தது நான்தான். ஆனால் ஒட்டடைக் கம்பால் தட்டைத் தள்ளித்தான் வைப்பேன். தட்டு தன்னிடம் வரும்வரை அது உட்கார்ந்தே இருக்கும். வால் மட்டும் கூண்டுப் பலகையில் தொப்புத் தொப்பென்று அடிக்கும். ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

கூண்டு மரப்பலகையில் செய்தது, மேலே தகரம். ஆசாரி கொண்டுவந்து கொல்லையில் இறக்கியபோது அதன் வாசல் எங்கள் சமையலறைச் சுவரைப் பார்த்து, தெற்கே இருந்தது. எனக்குத் தெற்கு என்றாலே ஆகாது. என் வீட்டுக்காரர் போனது தாம்பரத்தில், தெற்கு வாசல் வைத்த வாடகை வீட்டில். குடிபோன ஆறாம் மாதம். தெற்கு எமன் திசை, தெரிந்தே ஏன் போனீர்கள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. கூண்டு வந்த அன்றைக்கு மட்டும் வாய் திறந்தேன்.

"தெற்கு வேணாம்ப்பா. வடக்கு பார்த்து திருப்பி வெச்சிடு."

"நாய்க்குமாம்மா வாஸ்து?" என்று மகன் சிரித்தான். ஆனாலும் திருப்பி வைக்கச் சொன்னான்.

பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலனி வருவதற்கு முன்னால் இங்கே நெல் போட்ட குடும்பம் அவளுடையது. இப்போது இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். "வடக்குன்னா குபேரன் பெரிம்மா. உன் நாயி சீக்கிரமே ஒரு பிளாட்டு வாங்கிடும் பாரு" என்றாள்.

வடக்கே காலிமனைகள், அதற்கப்பால் ஏரி. ஐப்பசி பிறந்தால் காற்றும் மழையும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். நாய் இளசாக இருந்தவரை அது தெரியவில்லை. போன வருஷம் அதற்குப் பின்னங்கால் விறைத்துப்போனது. குளிரில் நடுங்கினால் கழுத்துச் சங்கிலி கிலுகிலுவென்று ஆடும். சமையலறை ஜன்னலில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், திருப்பி வைக்கச் சொன்னது நான்தானே என்று தோன்றும்.

கார்த்திகையில் மகனும் மருமகளும் கோயம்புத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். மறுநாளே புயல் என்று டிவியில் சொன்னார்கள். ரயிலை நிறுத்திவிட்டார்கள். மகன் போன் செய்தான்.

"அம்மா, நாயைப் பார்த்துக்கோ. வயசான உடம்பு, குளிர் தாங்காது. நான் வர்றவரைக்கும் பத்திரம்."

உள்ளே விடட்டுமா என்று கேட்க நினைத்தேன். மருமகளின் இழுப்பு ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. ஆளில்லாத வீட்டில் நானும் நாயும் மட்டும் என்று நினைத்தது இன்னொரு பக்கம். "சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு கோணிச்சாக்கை மடித்துக் கம்பால் கூண்டுக்குள் தள்ளினேன். காலையில் பார்த்தால் சாக்கு பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிற மாதிரி நனைந்திருந்தது. நாய் அதன்மேல் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெரிம்மா இது? சாக்கு தண்ணிய குடிச்சிகினு கீது. இதுல படுத்தா உனக்கே ஜன்னி வந்துடும். எடுத்து வீசு. நம்ம மாட்டுக்கொட்டாய்ல காஞ்ச வைக்கோலு கீது, தரேன்."

அவள் வீட்டுக்காரர் வந்து, கூண்டின் நாலு மூலைக்கும் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். உள்ளே வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினார். பிறகு காற்று வரும் பக்கம் திரும்பி நின்று பார்த்தார்.

"அப்டியே தெக்கால திருப்பிடட்டா பெரிம்மா? காத்து நேரா வாசல்ல வந்து அடிக்குது."

"வேணாம்ப்பா. அது எமன் திசை."

"எமன் எருமைல வரணும். மெயின் ரோட்ல முட்டி தண்ணி நிக்குது. எருமை எங்க வரும்?"

அவர் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வேணாம்ப்பா" என்றே மறுபடியும் சொன்னேன்.

அவள் வீட்டுக்குப் போய் ஒரு ஃபிளெக்ஸ் பேனரைச் சுருட்டி எடுத்துவந்தாள். அவள் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அடித்தது. "இத வாசல்ல கட்டித் தொங்கவிடு. மேல ஒரு சாண் விட்டுடு, அதுக்கு மூச்சு போவணும்" என்று சொல்லிவிட்டு, மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

மதியத்துக்குமேல் காற்று ஏறியது. காலிமனை முள்செடியெல்லாம் தரையோடு படுத்து எழுந்தது. மின்சாரம் போய்விட்டது. துணிக்கொடிக் கயிற்றை அறுத்துக்கொண்டுபோய் பேனரைக் கட்டினேன். முறைமாமன், அத்தை, சித்தப்பா என்று அதில் இருந்த முகமெல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அந்த ஒரு சாண் வழியாகக் குளிர் போகுமே என்று பயந்து அதையும் இழுத்து மூடினேன். சுற்றி வரிந்து முடிச்சுமேல் முடிச்சு போட்டேன்.

உள்ளே வந்து நின்றால் சங்கிலிச் சத்தம் நிற்கவில்லை. நான் வடக்கே திருப்பியதால்தான் இது சாகப்போகிறது, மகன் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். குளிருக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டுவோம். சளி பிடிக்காது. கொட்டாங்கச்சி சுட்டுத் தணல் எடுத்தேன். வைக்கோலில் பிடிக்கக் கூடாது என்று தூபக்காலைக் காலி எண்ணெய் டின்னுக்குள் இறக்கி வைத்தேன். சாம்பிராணியைக் கைநிறையப் போட்டு, பேனரின் ஒரு ஓரத்தை அவிழ்த்துக் கம்பால் உள்ளே தள்ளி, மறுபடி கட்டிவிட்டேன். தீப்பிடிக்கக் கூடாது என்று யோசித்த புத்தி, மூச்சு முட்டும் என்று யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சங்கிலிச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. அப்பாடா, சூடு ஏறித் தூங்கிவிட்டது என்று டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவும்போது கை தட்டி நாயின் சோற்றுத்தட்டு கீழே விழுந்தது. அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால் எந்தத் தூக்கத்திலும் அது வாலை அடிக்கும். காத்திருந்தேன். கரண்டியால் தட்டைத் தட்டினேன். இன்னொரு முறை தட்டினேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நனைந்த முடிச்சு அவிழவில்லை. அறுத்தேன். பேனர் விலகியதும் புகை முகத்தில் அடித்தது. நாய் ஒருக்களித்துக் கிடந்தது. நாக்கு வைக்கோலின்மேல் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

கம்பு எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. கழுத்துப்பட்டையில் கையை விட்டு இழுத்தேன். அதன் காது என் மணிக்கட்டில் பட்டது, ஈரத்துணிபோலக் கிடந்தது. முன்னுடம்புதான் வெளியே வந்தது. அதற்குமேல் என் பலத்துக்கு வரவில்லை. மதிலைப் பார்த்துக் கத்தினேன். நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். அவர் நாயைத் தூக்கிச் சமையலறைச் சுவரோரம் சன்ஷேடின் கீழே கிடத்தினார். அவள் புடவைத் தலைப்பால் அதன் நெஞ்சைத் தேய்த்தாள், முறத்தால் விசிறச் சொன்னாள். நான் விசிறினேன்.

"இன்னா பெரிம்மா போட்ட உள்ள?"

"சாம்பிராணி."

"கருவாடு மாதிரி புகை போட்டு வெச்சிருக்கியே. ஒரு சாண் விடுன்னு சொன்னேனா இல்லியா?"

விசிறிக்கொண்டே அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறுகிறதா இல்லையா என்றே எனக்குப் புலப்படவில்லை. எவ்வளவு நேரமோ. பிறகு ஒரு தும்மல் வந்தது. தொடர்ந்து இருமல். கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

அவர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானே சொன்னேன்.

"தெக்கால திருப்பிடுப்பா."

வாசல் சமையலறைச் சுவரைப் பார்க்கும்படி, இரண்டு முழ இடைவெளி விட்டுத் திருப்பினார். பேனரைக் கூரைக்கும் வடக்குப் பக்கத்துக்கும் சேர்த்துப் போர்த்திச் செங்கல் ஏற்றினார். வாசலைத் திறந்தே விட்டார். வைக்கோலை மாற்றி நாயை உள்ளே படுக்க வைத்தோம். வாசலில் கையை நீட்டிப் பார்த்தேன். காற்று படவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. முன்பு குளிருக்குப் பயந்தேன், இப்போது திசைக்கு. ஜன்னலுக்கு நேரே அதன் முகம் தெரிந்தது. இருட்டும்வரை அடிக்கடி தட்டைத் தட்டினேன். ஒவ்வொரு முறையும் வால் ஒரு அடி அடித்தது.

மூன்றாம் நாள் மகன் வந்தான். கூண்டைப் பார்த்துவிட்டு, "தெற்கால திருப்பிட்டியாம்மா? பரவாயில்லையா?" என்றான்.

"காத்துக்குத்தான்" என்றேன். சாம்பிராணி போட்டதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது மார்கழி. நாய் இருக்கிறது. இப்போது தட்டைக் கையால் வைக்கிறேன். பனி இறங்கும் விடியற்காலையில் இரண்டு மூன்று முறை இருமுகிறது. ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் மூடியிருந்தேன் என்று எனக்கு ஞாபகம். பக்கத்து வீட்டுக்காரி அரைமணிக்குமேல் இருக்கும் என்கிறாள். என் ஞாபகத்தை நம்ப முடியாது. மகனே, நீ அவளிடம் கேட்டு நேரத்தைத் திருத்திவிடு. அப்படியே நாயை ஒருமுறை மாட்டு டாக்டரிடம் காட்டி, இந்த இருமல் வயதால் வந்ததா, என் புகையால் வந்ததா என்று கேட்டுச் சொல்.